எதிர் அணியின் வேன்

“தம்பி பொண்டாட்டின்னுகூடப் பார்க்காம, அவ கடை வாசல்லயே வேனை நிறுத்தி ஒலிபெருக்கியை அலற விடறானே! இவனெல்லாம் ஒரு மனுஷனா?”

தௌலியு ஊரின் கடைத்தெருவே அ-கூனைத் திட்டியது.

ஹான் அவனுடைய தம்பி மனைவி. வியட்நாமிலிருந்து தைவானுக்கு வாழ வந்தவள், நூடுல்ஸ் கடைக்காரி, இப்போது நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர். அவளைப் போலவே கல்யாணமாகி வந்த பெண்களின் ஓட்டுதான் அவள் பலம்.

எதிர்த்து நின்ற லுவோவுக்கு ஒரே பேச்சு. “இது மண்ணின் மக்கள் நாடு! வெளிநாட்டு மருமகளுக்குச் சமையல்கட்டு போதும்!”

கூட்டம் கைதட்டியது. அந்தப் பேச்சை ஊரெல்லாம் முழங்கும் வேனுக்கு டிரைவர், அ-கூன்.

“பெரியத்தான், நாலு கடை தள்ளி நிறுத்தக் கூடாதா? சாப்பிட வர்றவங்க காதைப் பொத்திக்கறாங்க.”

“உன் வேலையை நீ பாரு. என் வேலையை நான் பார்க்கறேன்.”

ஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம், ஹானுக்காகப் பேசிய சலூன்காரியின் கடைக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்டை வீசிவிட்டுப் போனார்கள். அடுத்து, காய்கறிக் கடையில்.

தேர்தலன்று இரவே ஓட்டு எண்ணிக்கை முடிந்தது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஹான் ஜெயித்துவிட்டாள்!

கடைக்குள் ஒரே கூட்டம். ஹான் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஃபேக்டரியில நாளெல்லாம் நின்னுட்டு, அந்தக் காலோடவே எனக்காகப் படியேறி இறங்கினீங்களே. உங்களை மறந்தா எனக்குச் சோறு இறங்காது. பாத்திரம் தேய்ச்சே பாதி ஆளாயிட்ட என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான்!”

எல்லோரும் சிரித்தார்கள்.

வாசலில் திடீரென்று சத்தம். லுவோவின் ஆள் ஒருவன் அ-கூனிடம் கத்திக்கொண்டிருந்தான்.

“சாவியைக் குடுடா! இனிமே வேலைக்கு வராதே. பசங்க பெயின்ட் டப்பாவோட வந்தப்பல்லாம் வண்டியை இந்தக் கடைக்குக் குறுக்கப் போட்டுட்டு நகர மாட்டேன்னியாமே! வண்டி பூரா தலைவர் படம். அவர் மூஞ்சியிலேயா வீச முடியும்?”

ஹான் ஓடி வந்து அ-கூனின் கைகளைப் பற்றினாள்.

“பெரியத்தான்... நான் உங்களைப் போய்...”

“அட, அழாதேம்மா. நான் ஓட்டு போட்டது என்னவோ லுவோவுக்குத்தான்” என்றான் அ-கூன். “ஆனா, கடை நம்ம கடையாச்சே!”