மோதிர விரல்

சனிக்கிழமை வந்தால் போதும், என் வீட்டுக்காரர் விரலில் பிளாஸ்திரியோடுதான் வீடு திரும்புவார். அதுவும் கல்யாண மோதிரம் போடும் விரலில். மோதிரம் சட்டைப் பையில் இருக்கும்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல, கூடத்துல சின்ன வேலை."

அவர் பிரார்த்தனைக் கூடத்துப் போதகர். அங்கே பின்னறைக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்து போகிறாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

அந்த வாரச் சனிக்கிழமை அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். பின்னறைக் கதவைத் தள்ளினால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்கிறாள்!

"கையை விடுடி!"

அவள் விடவில்லை. மோதிரம் கழற்றிய விரலின் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். அப்புறம்தான் சுவரோரம் காத்திருந்த வாலிபப் பையன்களைப் பார்த்தேன்.

"எச்.ஐ.வி. பத்திப் பேசி, பரிசோதனையும் பண்றோம்க்கா. போதகரே முதல்ல விரலை நீட்டினா, வர்றவங்களை யாரும் தப்பா பேச முடியாதில்ல?" என்றாள் அவள்.

"என்கிட்ட சொன்னா என்னங்க?"

"இங்க நடக்கறதை வெளிய சொல்லமாட்டேன்னு பசங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேம்மா."

"பொண்ணுங்க யாரும் வரலையா?"

"கூச்சப்படறாங்கக்கா" என்றாள் நர்ஸ்.

"எழுந்திருங்க" என்று அவரைக் கிளப்பிவிட்டு, நான் உட்கார்ந்து விரலை நீட்டினேன். "இனிமே வாராவாரம் நான்தான் முதல்ல."

அடுத்த வாரமே பெண்கள் வரிசை வாசலைத் தாண்டியது. போதகர் மனைவிக்கு எவ்வளவு சேவை மனசு என்று எல்லாரும் மெச்சுகிறார்கள்.

சேவையாவது மண்ணாவது! அவள் பிடிப்பது என் கையாக இருக்கட்டும், அவ்வளவுதான்.