மீன் வாடை

"அங்கயே நில்லுட்டி! உள்ள கேறாத!"

சகாயசெல்வி போட்ட சத்தத்தில் பிரிஜா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில், கிண்ணம் துடைக்கக் கேட்ட துணி.

"துணிய அங்க இருந்தே நீட்டு. உனக்க கை எனக்க கிண்ணத்துல படப்பிடாது. பக்கத்துல என்ன வாடை இருந்தாலும் சாக்லேட்டு பிடிச்சுக்கிடும். அதுலயும் உனக்கது கடப்புறத்துக் கை. பிள்ளைக்க ஞானஸ்நானக் கேக்கு அயில மீன் கேக்கா ஆயிடும்."

பிரிஜா சிரித்துக்கொண்டே துணியை நீட்டினாள்.

செல்வியின் கொழுந்தன் ததேயுஸ் இவளைக் கடற்கரையிலிருந்து கட்டிக் கூட்டிவந்து வருஷம் பல ஆகிவிட்டது. செல்வியின் மூக்கை விட்டு மட்டும் அந்த மீன் வாடை போகவில்லை. இத்தனைக்கும் இந்த வாரம் முழுக்க செல்விக்கு நல்ல ஜலதோஷம். பழங்கஞ்சிக்கும் பாயாசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மூக்கும் நாக்கும் செத்துக் கிடந்தன. கொழுந்தன் பெண்டாட்டி பக்கத்தில் வந்தால் மட்டும் மூக்கு எப்படியோ எழுந்து உட்கார்ந்துவிடும்.

முன்னறையில் வியாகுலம்மாள் டீச்சர் உட்கார்ந்திருந்தார். நாளை அவருடைய பேரனுக்கு ஞானஸ்நானம். போன விசேஷத்துக்கு வேறொருத்தி தந்த கேக் கருகிக் கசந்துவிட்டதால், இந்தத் தடவை நேரில் பார்த்துவிட வந்திருந்தார். இது சரியாக அமைந்தால் மகளின் கல்யாணக் கேக்கும் செல்விக்குத்தான். டீச்சர் வீட்டுக் கல்யாணத்தில் கேக் பேர் வாங்கிவிட்டால், அப்புறம் நெய்யூரில் வேறு யாரையும் தேடிப் போகமாட்டார்கள்.

"நேரா தீயில வச்சா சாக்லேட்டு கருகிப்போவும் டீச்சர்," செல்வி அடுக்களையிலிருந்தே பாடம் எடுத்தாள். "அடிச்சட்டியில கொஞ்சம்போல தண்ணி. அதுக்கு மேல இந்தக் கிண்ணம். கிண்ணத்துக்க அடி தண்ணியில முட்டப்பிடாது, ஆவியிலதான் உருகணும். மூடியும் போடப்பிடாது. மூடியில வேர்த்த தண்ணி ஒரு சொட்டு உள்ள விழுந்தாப் போச்சு. கட்டிதட்டி மண்ணு மாதிரி ஆயிடும். பெறவு கேக்குக்கு ஆவாது, தூரக் களையத்தான் வேணும்."

இந்தப் பாடத்தைப் பிரிஜா வாசலுக்கு வெளியே நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

தீயைக் குறைத்து வைத்துவிட்டு, செல்வி டீச்சரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது உருகட்டும், அதுவரை இருக்கவே இருக்கிறது பிரிஜாவின் கதை.

"எனக்க ஓர்ப்படி இருக்காளே டீச்சர், ஒரு மண்ணும் தெரியாது. பன்னு பொங்கி வர ஈஸ்ட்டு வேணும்ணு சொன்னா, ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கணுமாண்ணு கேட்டவளாக்கும்!"

டீச்சர் குலுங்கிச் சிரித்தார். செல்விக்கு உற்சாகம் கூடியது. பிரிஜா ஓவனுக்குள் துணி காயப்போட்டது, முட்டை அடிக்கும் மெஷினால் மோர் கடைந்தது என்று கதை நீண்டுகொண்டே போனது. உண்மையில் நடந்தது பாதி; மீதி, செல்வி அந்த நேரத்துக்குச் சேர்த்தது.

திடீரென்று டீச்சர் மூக்கைச் சுளித்தார்.

"செல்வி, என்னமோ கரியுத வாடை வருதே?"

செல்விக்கு ஒரு வாடையும் வரவில்லை. அவள் எழுந்திருப்பதற்குள் உள்ளேயிருந்து பிரிஜாவின் குரல் கேட்டது.

"நாந்தான் டீச்சர்! பொறத்தால அடுப்புல மீன் சட்டிய வச்சிட்டு மறந்துபோனேன்!"

கூடவே அடுக்களைக்குள் ஒரு செம்பு உருளும் சத்தம்.

செல்வி ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. சாக்லேட் கிண்ணத்தில் தண்ணீர் தளும்பியது. உள்ளே கட்டிகட்டியாகச் சாக்லேட்.

"மீன் சட்டியில ஊத்தத் தண்ணி எடுக்க வந்தேன் அக்கா. கை தவறிட்டு."

"சவமே! கேக்கு செய்யுத அன்னைக்கு வீட்டுல மீன் கேறப்பிடாதுண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு நாளு மீன் தின்னாம இருந்தா செத்தா போவே? உள்ள கேறாதேண்ணு சொன்னா கேறுவே, தண்ணி ஆவாதுண்ணு சொன்னா குடத்தோட கவுப்பே! உன்னையெல்லாம் எந்த மூதி பெத்தா?"

பிரிஜா கிண்ணத்தையும் அடிச்சட்டியையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

எட்டிப் பார்த்த டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இவளோட எப்படித்தான் காலம் தள்ளுதியோ! உனக்குப் பொறுமை ஜாஸ்தி மக்கா."

செல்வி வேறு சாக்லேட்டை நறுக்கி, வேறு சட்டியில் தண்ணீர் வைத்து, இந்தத் தடவை நகராமல் நின்று உருக்கினாள். கண்ணாடி மாதிரி மின்னியது. டீச்சர் ஸ்பூனில் ஒரு சொட்டு எடுத்து நக்கிப் பார்த்தார்.

"கல்யாணக் கேக்கும் நீதான். அந்தப் பெண்ணை மட்டும் கிட்ட சேக்காத."

"சேப்பேனா டீச்சர்!"

டீச்சரை வழியனுப்பிவிட்டு, மிச்சத் திட்டையும் திட்டித் தீர்க்க செல்வி பின்பக்கம் வந்தாள்.

துவைகல்லருகே குந்தியிருந்து பிரிஜா அந்தக் கிண்ணத்தைத் தேங்காய் நாரால் உரசிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தின் அடியில் கரியாய்க் கருகிப் பிடித்திருந்தது சாக்லேட். தண்ணீர் பட்டால் கட்டிதட்டும், கருகாது. பக்கத்தில் கிடந்த அடிச்சட்டியைச் செல்வி எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் வற்றி, அடி காய்ந்து, நிறம் மாறியிருந்தது.

பின்பக்கத்து விறகடுப்பைப் பார்த்தாள். நேற்றைய சாம்பல்.

அடிச்சட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஏட்டி... அந்த மீன் சட்டி எங்க?"

பிரிஜா நிமிரவில்லை. நாரை இன்னும் அழுத்தி உரசினாள்.

"மீன் இன்னைக்கு ஏது அக்கா? கேக்கு செய்யுத அன்னைக்கு வீட்டுல மீன் கேறப்பிடாதுண்ணு நீங்கதானே சொல்லியிருக்கிய."