ரொம்பத் தெளிவுங்க

"மொத மொதலா கேமரா வாங்கறனுங்க. பாத்துக் குடுங்க."

கடைக்காரர் ஆரோக்கியராஜ் நீட்டிய கேமராவில் அவரையே படம் பிடித்தாள் அன்புசெல்வி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உங்க டீ-ஷர்ட்டுல தோள்கிட்ட ஓட்டை தெரியுதுங்க. இது வேண்டாமுங்க."

இன்னும் விலை கூடியதை எடுத்துக் கொடுத்தார்.

"அய்யோ, இதுல பிரிஞ்ச நூலே தெரியுதுங்க. இதுவும் வேண்டாமுங்க."

ஆரோக்கியராஜுக்குப் பொறுமை போய்விட்டது. "கேமராவைக் குறை சொல்லாதீங்கக்கா. ஓட்டை டீ-ஷர்ட்டுலதான் இருக்கு! போன வாரம் ஆன்லைன்ல வாங்கினேன். அவங்க போட்ட போட்டோவுல ஓட்டையே தெரியல."

அன்புசெல்வியின் முகம் மலர்ந்தது.

"அந்தப் போட்டோ எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு கேட்டுச் சொல்லுங்க. அதையே வாங்கிக்கறேன். நானும் டேமேஜ் பீஸைத்தான் ஆன்லைன்ல விக்கப் போறனுங்க!"