வெள்ளை யானைக்கு ஒரு வேலை

அந்த ராஜாவுக்கு யார் மேலாவது கோபம் வந்தால் திட்டமாட்டார். ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்பிவைப்பார். வேலை வாங்கினால் பாவம், விற்றால் துரோகம். கட்டித் தீனி போட்டே வாங்கியவர் ஓட்டாண்டி ஆகிவிடுவார்.

அப்படித்தான் ஒரு வெள்ளை யானை மந்திரி வீட்டுக்கு வந்தது. மந்திரி வயலை விற்றார். பிறகு கொட்டடிக் கதவைக்கூடக் கழற்றி விற்றார். காலையில் ஒரு கும்பிடு, ஒரு கட்டுக் கரும்பு. அதற்குமேல் யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை.

எதிரே ஆற்றங்கரையில் யானைகள் தோளோடு தோள் உரசி, வெட்டிய மரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"அக்கா, நானும் வரட்டுமா?" என்று வெள்ளை யானை அவற்றில் மூத்த பெண் யானையிடம் கேட்டது.

"ஐயோ சாமி, நீங்க இதையெல்லாம் தொடக்கூடாது" என்று அது விலகிப்போனது.

மறுநாள் விடிவதற்குள் வெள்ளை யானை கதவில்லாத கொட்டடியிலிருந்து நழுவி, வெள்ளை தெரியாதபடி காது மடல்வரை சேற்றில் புரண்டு, வரிசையில் கடைசியாகப் போய் நின்றது.

"யாருடா புதுசா? சும்மா நிக்காம தோள் குடு" என்றது அக்கா.

அன்று முழுக்க வெள்ளை யானை மரம் தள்ளியது. விலா வலித்தது. மத்தியானம் அக்கா தன் மூங்கில் தழையில் பாதியைப் பிய்த்து நீட்டியது. அவ்வளவு ருசியாக அது எதையும் தின்றதில்லை.

சாயங்காலம் இடி இடித்தது. யானைகளெல்லாம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடின.

"எங்கடா போற? வா, நனையலாம்" என்று அக்கா கூப்பிட்டது.

வெள்ளை யானை ஒதுங்க ஒரு மரம் தேடியது. கரையில் கிடந்ததெல்லாம் அது அன்று தள்ளிப்போட்ட மரங்கள்தான்.