கோணல் கிட்டார்

பழைய ராக் பாட்டுகளின் புது ஒலிக்கலவையைக் கேட்டு விமர்சனம் எழுதுவதுதான் பெனடிக்ட்டின் பிழைப்பு. கலவையை, சுவரெங்கும் ஒலிபெருக்கிகள் பதித்த அவருடைய பேசும் கணினி அறையே செய்யும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து, எல்லோருக்கும் நடுவிலிருந்து கேட்பதுபோல் கிட்டாரின் ஒலியை நிறுத்தும்.

மனைவி செலின் இருந்தவரை அதில்தான் சண்டை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைக் கடிப்பாள். கிட்டார் அவள் பக்கம் நகர்ந்துவிடும்.

"எழுந்து போடி, கிட்டார் கோணலாப் போகுது!"

"அதுக்கும் என்னைத்தான் பிடிச்சிருக்கு" என்பாள், அசையாமல்.

அவளை அடக்கம் செய்த மறுவாரம் அவர் தனியாக உட்கார்ந்து பாட்டைப் போட்டார். டிரம்ஸ் முதுகுக்குப் பின்னால், ஆர்கன் இடப்பக்கம், கிட்டார் நேராக நெற்றிக்கு எதிரே. எத்தனை உன்னிப்பாகக் கேட்டும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்குப் போடு."

"அறையில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், சார்" என்றது அறை.

"தெரியும். போடு."

கிட்டார் மெல்ல நகர்ந்து, அவருக்கும் காலி நாற்காலிக்கும் நடுவில் போய் நின்றது.

பெனடிக்ட் விமர்சனத்தை எழுதத் தொடங்கினார்: "கிட்டார் கொஞ்சம் கோணல். யாரும் அதைச் சரிசெய்ய வேண்டாம்."