பதினெட்டாம் கேள்வி

நாளைக்கு எல்.எல்.ஆர். தேர்வு. இறந்துபோன கணவரின் ஸ்கூட்டரை ஓட்டினால்தான் செல்வக்கனி வேலைக்குப் போக முடியும். டிரைவிங் ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து பதினேழு கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டாள். பயிற்சி கொடுக்கும் ரீகன் பதினெட்டாவதைப் படித்தான்.

"ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுக் கெடந்தா என்ன செய்யணும்?"

போன ஆவணியில் பைபாஸில் விழுந்த கணவரை ஆம்புலன்ஸ் வந்து தூக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் அந்த நாற்பது நிமிடத்தையும் கேமராப் பதிவில் போட்டுக் காட்டினார்கள். பஸ், லாரி, கார், பைக் எல்லாம் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

"ஒதுங்கிப் போயிரணும்" என்றாள்.

விஷயம் தெரியாத ரீகன் சிரித்துவிட்டான்.

"என்னக்கா, வெளையாடுறீங்களா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நாளைக்கும் இப்படிச் சொல்லிராதீங்க."

"மத்தவங்கல்லாம் இதுக்கு என்ன சொல்லுவாங்க தம்பி?"

"எல்லாரும் டக்குனு சரியாச் சொல்லிருவாங்க. இந்த ஆறு வருசத்துல உங்களத் தவிர ஒருத்தர்கூட தப்பாச் சொன்னதில்லக்கா."