கேமரா கேட்ட பொட்டு

சுதா கேமரா முன்னால் வந்து நின்றாள். கேட் திறக்கவில்லை.

கேட்டில் வருகைப் பதிவு பார்க்கும் விஜியின் மேஜையிலிருந்த திரையில் சுதாவின் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. அதன் கீழே, 'பதிவில் இல்லாத நபர்'.

ஆறு வருஷமாக இந்தக் கம்பெனியில் வயர் கட்டுகிறவள், பதிவில் இல்லையாம். இந்த மெஷினுக்கு வாய் மட்டும் நீளம்.

எட்டு மணிச் சங்குக்கு நாலு நிமிஷம் இருந்தது. வரிசை அப்படியே நின்றது. அதில் பாதிப் பேர் மேனாம்பேட்டுக்காரர்கள், சுதாவின் தெருக்காரர்கள். அவளுக்கு நேர் பின்னால் மாமியார் சொர்ணம். சொர்ணத்துக்கும் இங்கேதான், கேன்டீனில் வேலை.

சுதாவின் புருஷன் செத்துப் பதினெட்டு நாள். சொர்ணம் ஒரு வாரத்திலேயே வேலைக்கு வந்துவிட்டாள்; சுதா இன்றைக்குத்தான் வருகிறாள். பதினாறாம் நாள் காரியத்தில் அவள் பொட்டை எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே விஜிக்குப் போன் செய்து அழுதாள்.

"கண்ணாடில பாத்தா எனக்கே யாரோ மாதிரி கீதுக்கா. இந்த மூஞ்ச வெச்சிகினு எப்டிக்கா வேலைக்கு வர்றது?"

விஜி வரிசையில் நின்ற மேனாம்பேட்டுக்காரர்களை ஒரு தடவை பார்த்தாள்.

அவள் சுதாவின் பழைய போட்டோவைத் திரையில் கொண்டுவந்து, திரையை வரிசைப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போட்டோல பொட்டு கீது, இப்ப இல்ல. அதான் மெஷினுக்கு ஆள் தெரியல," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சுதா தலையைக் குனிந்துகொண்டாள்.

சொர்ணம் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். மருமகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அதை ஒட்டிவிட்டாள்.

சுதா மறுபடி கேமராவைப் பார்த்தாள். விஜி யார் கண்ணிலும் படாமல் ஒரு பட்டனைத் தட்டினாள். கேட் திறந்தது.

பதினைந்து நாள் வராதவர்களின் பதிவை அந்த மெஷின் தானாகவே நிறுத்திவைக்கும். திரும்பத் திறந்துவிடுவது விஜியின் வேலை. விஷயம் அவ்வளவுதான். பொட்டை அது என்றைக்கும் பார்த்ததில்லை.

அடுத்தது சொர்ணம்.

அப்போதுதான் விஜிக்குச் சுரீரென்றது. சொர்ணத்தின் நெற்றி வெறுமையாக இருந்தது.

கேமரா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பச்சைக் கட்டம் விழுந்தது, கேட் திறந்துகொண்டது. திரையில் வந்த அவளுடைய போட்டோவில் காலணா அகலத்துக்குப் பொட்டு இருந்தது.

சொர்ணம் நகரவில்லை. போட்டோவைப் பார்த்தாள். பிறகு விஜியைப் பார்த்தாள்.

சொர்ணம் முந்தானையைத் தலைக்குப் போட்டு நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகவே கேட்டாள்.

"அப்ப இனிமே டெய்லி அவ பொட்டு வெச்சிகினுதான் வரணும். அப்டித்தான விஜி?"